கடலுக்கு எரு இடுவார் யார்?

பயிருக்கு எரு வேண்டும் என்பதை உழவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூர் இன்று தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊராயினும், அப்பக்கத்தில் எஞ்சிய வயல்களில் யூரியா இடுதல் ஒழிந்ததன்று. கடலிலும் பயிர் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகளே அப்பயிர். மத்தி முதல் சூரை ஈறாக மீனினம் முடிவில் அதனையே சார்ந்து வாழ்கின்றது. அக்கடற்பயிருக்கு எரு இடுவார் யார்? அதற்குரிய இடத்தையும் காலத்தையும் வகுப்பது யாது? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

எருவின் தலையாய கூறு நைட்ரஜன். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு அதுவே. ஆயினும் அதன் அணுக்கள் இரண்டிரண்டாய் மும்மடிப் பிணைப்பால் இறுகிக் கிடத்தலின், பெரும்பாலான உயிர்கள் பூட்டிய களஞ்சியத்தின்முன் பசித்து நிற்பாரை ஒக்கும். அப்பூட்டைத் திறத்தற்கு உரத் தொழிற்சாலைகள் 400 பாகை செல்சியசு அளவான வெப்பத்தையும், வளிமண்டலத்தினும் நூறு மடங்கிற்கு மேற்பட்ட அழுத்தத்தையும் கையாளுகின்றன. கடலிலுள்ள சில நுண்ணுயிர்களோ, கடல்நீரின் இயல்பான வெப்பத்திலேயே அதனைச் செய்து முடிக்கின்றன. இதற்கு நைட்ரஜன் நிலைப்படுத்தல் என்று பெயர்.

அவற்றுள் பேர்பெற்றது டிரைக்கோடெஸ்மியம் என்னும் நீலப்பச்சைப் பாசி. எரன்பெர்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் செங்கடலில் இதனைக் கண்டு, 1830-இல் இப்பெயரை இட்டார். இழை இழையாய்த் திரண்டு, தன்னுள் அமைந்த வாயு நுண்குமிழ்களால் மிதந்து பரவும் இதனை மாலுமிகள் கடல் மரத்தூள் என்று வழங்கினர். அமைதியும் வெம்மையும் வாய்ந்த மேல்நீரும், மிக்க ஒளியும், இரும்பும், பாஸ்பரசும் இதற்கு வேண்டும். நைட்ரேட் உப்பு இன்றியமையாததன்று. ஆதலின், பிற பாசிகள் எருவின்றி வாடும் இடமே இதற்கு விளைநிலம் ஆகின்றது. இது கசியவிடுவதும், மடிந்தபின் விட்டுச்செல்வதுமாகிய நைட்ரஜனை உண்டு பிற பாசிகளும் பிழைக்கின்றன.

அவ்விளைநிலத்தை வகுப்பதில் பெரும்பங்கு நீரோட்டத்திற்கு உரியது. தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகின்றது. அது நைட்ரேட்டைச் சுமந்து வருதலின் பிற பாசிகள் தழைக்கின்றன, டிரைக்கோடெஸ்மியம் பின்னிடுகின்றது. மார்ச்சு முதல் மே வரையிலோ காற்றுத் தணிய, மேல்நீர் சூடேறிக் கீழ்நீரோடு கலவாது நிற்கின்றது. அரபிக்கடலில் இப்பாசி பெருகும் காலம் அதுவே. அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் 2009 ஏப்ரலில் அக்கடலின் கீழ்ப்பகுதியில் இதன் வினையை நேரே அளந்தனர்.

இனி, நம் கரையை நோக்குவோம். கிழக்குக் கரை நீரோட்டம் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் வடக்கு நோக்கியும், நவம்பரில் தெற்கு நோக்கியும் விரைந்தோடும். தெற்கே வருங்கால், கங்கையும் பிரமபுத்திராவும் சொரிந்த நன்னீரைத் தமிழ்நாட்டுக் கரைவரை கொணர்கின்றது. நன்னீர் இலேசாதலின், உப்புநீர்மேல் மூடிபோற் கிடந்து ஆழத்து எருவை மேலேறவொட்டாது தடுக்கின்றது. இன்னும், நிலநடுக்கோட்டிற்கு வடக்கே வலஞ்சுழியாய்ச் சுழலும் பெருஞ்சுழிகளின் நடுவே வெப்பநீர் குவிந்து தடிக்கும். உலகெங்கும் பதிவான 59 பாசிப்பெருக்குகளை ஆராய்ந்து, இத்தகைய வெப்பநீர்த் திரள்கள் அவற்றைத் தூண்டுகின்றன என்று இந்திய ஆய்வாளர் 2017-இல் வெளியிட்டனர். அவற்றுள் 32 அரபிக்கடலையும் வங்கக்கடலையும் சார்ந்தவை.

ஆயின், எரு அற்ற இடந்தோறும் இவ்வினை நிகழும் என்று துணிதல் தகாது. 2014 சனவரியில் வங்கக்கடலின் பிராணவாயு குறைந்த ஆழநீரை ஆராய்ந்தோர், நைட்ரஜனை நிலைப்படுத்தவல்ல மரபணுக்களைக் கண்டும், வினையைக் கண்டிலர். விதை இருந்தும் விளைவு இல்லை! மற்று, விளைவு மிகினும் தீங்குண்டு. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே இப்பாசி பெருகியபோது கடலுயிர்கள் மடிந்த செய்தி 1942-இலேயே அச்சேறியது. மிகுந்த பாசி அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு குன்றுவதே இத்தகைய கேட்டிற்குக் காரணமாகும்.

இவ்வாராய்ச்சி கரைவாழ்நர்க்கு மட்டும் உரியதன்று. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகள் பலவற்றின் மிகைநீர் செம்பரம்பாக்கத்தைச் சேர்ந்து, அடையாற்றின் வழியே வங்கக்கடலை அடைகின்றது. வயலில் மிகையாய் இட்ட எருவும், ஆற்றில் விட்ட கழிவும் அந்நீரோடு சென்று, இயற்கை அளந்திட்ட கணக்கில் நம் கையால் ஒரு தொகையைக் கூட்டுகின்றன. கடல் வெப்பமேறுந்தோறும் மேல்நீரும் கீழ்நீரும் கலத்தல் அரிதாகும். அதனால் நிலைப்படுத்தும் நுண்ணுயிர்கள் மிகலாம். இரும்பும் பாஸ்பரசும் கிட்டாவிடின் அவையும் வாளா இருக்கும். எருவை இடுவது நுண்ணுயிர். அதற்கு நிலம் ஒதுக்குவது நீரோட்டம். அந்நிலத்தின் இயல்பையே மாற்றவல்லவன் மனிதன். மீனவர் வலையில் விழும் மீனின் கணக்கு இம்மூவர் கையிலும் உள்ளது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.