பச்சை மரத்தைப் பிளக்கக் கூடாதா?

விறகுப் பேச்சு எடுத்தாலே ஒரு யோசனை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. "மரத்தை வெட்டித் துண்டு போட்டு ஒரு கோடை காய விடுங்க, காஞ்சப்புறம் பிளந்தா சுலபமா வரும்." விறகுக்கடையில் சொல்கிறார்கள், தோட்ட வேலைக்கு வருபவர்கள் சொல்கிறார்கள், விறகு பிளக்கும் மெஷின் விற்பவர்களும் கூசாமல் சொல்கிறார்கள். மரத்தின் வலிமையைச் சோதிப்பதே என் தொழில். இந்த யோசனை தவறு என்று எத்தனை முறை சொன்னாலும் அடுத்த மாதம் அதே யோசனை இன்னொரு வாய் வழியாகத் திரும்பி வருகிறது.

வெட்டிய மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. நார்க்குழல்களின் உள்ளே தேங்கியிருப்பது ஒன்று, குழல்களின் சுவரிலேயே ஊறியிருப்பது இன்னொன்று. காயும்போது முதலில் வெளியேறுவது தேங்கிய நீர். அதனால் மரத்தின் எடை குறையுமே தவிர, வலிமை மாறாது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும். அங்கிருந்து மரம் இறுகிக்கொண்டே போகும். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் அட்டவணைகளில் ஒவ்வொரு மரத்துக்கும் பச்சையில் ஒரு வலிமை, காய்ந்த பின் ஒரு வலிமை என்று தனித்தனிக் கணக்கு இருப்பது இதனால்தான். நார் வாக்கில் வரும் அழுத்தத்தைத் தாங்கும் திறன் நன்றாகக் காய்ந்த மரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். வேலிக்காத்தானையும் யூகலிப்டஸையும் ஒரு கோடை காய விட்டுப் பிளக்க நினைப்பவர், மரம் இறுகத் தொடங்கிய பிறகு அதோடு மல்லுக்கு நிற்கிறார்.

இரண்டாவது கேடு இதைவிடப் பெரியது. பிளக்காத கட்டை ஒரு கோடையில் உள்வரை காயாது. மரத்தில் தண்ணீர் நார் ஓடும் வாக்கில் போகும் வேகம், குறுக்கே போகும் வேகத்தைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு. பட்டையோ தண்ணீரை வெளியே விடாமல் இருப்பதற்காகவே மரம் வளர்த்துக்கொண்ட உறை. ஆகவே முழுக் கட்டையின் இரண்டு முனைகளும் காய்ந்து வெடித்திருக்கும், நடுவில் ஈரம் அப்படியே இருக்கும். அந்த முனை வெடிப்பைப் பார்த்துத்தான் "காஞ்சிடுச்சு" என்று எல்லாரும் ஏமாறுகிறார்கள்.

நம்பாதவர்கள் சோதித்துப் பாருங்கள். ஒரே தடியிலிருந்து சம அளவில் இரண்டு துண்டுகள் எடுத்து, ஒன்றை நாலாகப் பிளந்து, மற்றதை முழுசாக விட்டு, இரண்டையும் ஒரே நிழலில் வையுங்கள். வாரம் ஒரு முறை தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். எடை இறங்குவது எதில் முதலில் நிற்கிறதோ அது காய்ந்த விறகு.

ஈர விறகின் நஷ்டம், தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் மட்டும் என்று நினைக்கக் கூடாது. ஒரு கிலோ தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க 600 கிலோ கலோரி சொச்சம் போதும். முழுக்கக் காய்ந்த விறகு ஒரு கிலோ 4,500 வரை தரும். ஆனால் ஈரம் அடுப்பின் சூட்டைத் தணித்துவிடுகிறது. சூடு குறைந்தால் விறகிலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் புகையாகப் போகிறது. எரிபொருளின் பெரும்பங்கு அந்த வாயுதான். அது பாத்திரத்தின் அடியில் கரியாகவும், அடுப்பு முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நெஞ்சில் புகையாகவும் போய்ச் சேர்கிறது.

"பச்சை மரத்தில் கோடாலி மாட்டிக்கொள்கிறதே?" என்று கேட்பார்கள். மாட்டும், மரம் வெட்டும் மெல்லிய கோடாலியால் பிளந்தால். வெட்டும் கோடாலி நாரை அறுக்க வேண்டும். பிளக்கும் கோடாலி நாரை விலக்க வேண்டும். பிளப்பதற்குக் கன்னம் பருத்த, ஆப்பு வடிவக் கோடாலி வேண்டும். வெட்டுமுகத்தில் மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கோடுகள் தெரியும், அவற்றின் வழியே அடியுங்கள், கணுவை விட்டு விலகி அடியுங்கள். புளியும் வேம்பும் நார் பின்னிய மரங்கள். அவற்றை நட்ட நடுவில் தாக்காமல் ஓரத்திலிருந்து பலகை பலகையாக உரித்து வர வேண்டும்.

மற்ற கதைகளுக்கு இத்தனை பேச்சு தேவையில்லை. கோடாலி கனமாக இருந்தால் நல்லதா? எடை இரட்டித்தால் அடியின் ஆற்றல் இரட்டிக்கும்; வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். வேகமாகச் சுழற்ற முடிகிற எடையே உங்களுக்கான எடை. மழையில் ஒரு முறை நனைந்த விறகு பாழா? இல்லை, மேலே பட்ட நீர் சில நாள் வெயிலில் போய்விடும். மாட்டிய கோடாலியின் முதுகைச் சம்மட்டியால் தட்டலாமா? கூடவே கூடாது. இரும்பில் இரும்பு மோதித் தெறிக்கும் சில்லு கண்ணைப் பறிக்கும். அதற்கு ஆப்பு இருக்கிறது. ஆப்பிலும் தலை சிதைந்து விளிம்பு மடங்கியிருந்தால் அரைத்து எடுத்த பிறகே அடிக்க வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அடிக்க வேண்டும்.

மெஷின் ஆபத்தில்லாதது என்பது மட்டும் எனக்குக் கோபம் மூட்டும் கதை. திருகுக் கூம்பு சுழலும் மெஷின் முன்னால் துணிக் கையுறை, தோள் துண்டு, முந்தானை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் இருக்கக் கூடாது. சுற்றிக்கொண்டால் மோட்டாரை நிறுத்த நேரம் கிடைக்காது. ஹைட்ராலிக் மெஷின் மெதுவாகத்தான் தள்ளும், ஆனால் விரலுக்கும் விறகுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு கையாலும் பிடித்தால்தான் இயங்கும் கைப்பிடி வேண்டும் என்று ஐரோப்பியத் தர விதி கேட்பது இதனால்தான். அதில் ஒரு கைப்பிடியைக் கயிற்றால் கட்டிப்போட்டு ஓட்டுவது மடத்தனம். ஒருவர் கட்டை வைக்க இன்னொருவர் லிவரை அழுத்துவதும் வேண்டாம். வைப்பவரே இயக்க வேண்டும்.

இன்னொன்று, பிளந்த விறகு காய இடம் வேண்டும். நம் ஊர்களில் இன்று கட்டும் வீட்டுக்கு வரைபடம் போடுகிறவர்கள் காருக்கு இடம் விடுகிறார்கள், விறகுக்கு விடுவதில்லை. கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விசேஷச் சமையலுக்கும் விறகு எரிக்கும் வீடுகள் ஏராளம். நாலு கால், மேலே தகரம், பக்கங்கள் திறப்பு, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். இவ்வளவுதான் கொட்டகை. தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுக்கிப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். தை, மாசியில் மரத்தை வெட்டுங்கள், வெட்டிய வாரத்திலேயே பிளந்துவிடுங்கள், ஐப்பசி மழைக்கு முன் கொட்டகையில் அடுக்கிவிடுங்கள்.