ஒலி நிற்கும் இடம்

அரியாங்குப்பம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. பேஸ் கிடார் வாங்கினால் நாலு கம்பியா அஞ்சு கம்பியா, எந்தக் கம்பெனி என்று போனில் கேட்டாய். ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் செலவாகப்போவது நீ சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். வில்லியனூர் மாடி அறையில் நீயும் உன் கூட்டாளிகளும் பதிவு செய்யப்போவது நீங்களே கட்டிய முதல் பாட்டு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போ.

யாருக்கும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். 90களில் நம் பக்கத்துத் திருவிழா மேடைகளில் வருடக்கணக்காகப் பேஸ் வாசித்த தைரியத்தோடு ஒரு பக்திப் பாடல் கேசட்டுக்காகச் சென்னைக்குப் போனேன். வாசித்து முடித்ததும் அங்கிருந்த சவுண்டு இன்ஜினியர் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, என் பேஸை மட்டும் ஹெட்போனில் போட்டுக் கேட்கச் சொன்னார். இ கம்பியிலிருந்து ஏ கம்பிக்குத் தாவியிருக்கிறேன். தாவிய பிறகும் இ அடங்கவில்லை. அதன் மேல் ஏ, இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே டி. சேற்றில் நடப்பது போல ஒரு சத்தம். மேடையில் டிரம்ஸும் கூட்டமும் இதையெல்லாம் இத்தனை வருடம் மறைத்து வைத்திருந்தன. நோட்டுகளைச் சரியாகத்தான் தொடங்கியிருந்தேன், ஒன்றைக்கூட முடிக்கவில்லை. அன்று இரவு பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பேஸில் தட்டுவது பாதி, நிறுத்துவது பாதி. கிடார் வாங்கும்போதும், செட்-அப் செய்யும்போதும், பதிவு செய்யும்போதும் உன்னையே ஒன்று கேட்டுக்கொள்: இந்த நோட்டை நிறுத்துவது என் விரலா, வேறு ஏதாவதா?

நாலு கம்பியே வாங்கு. கீழ் இ கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அஞ்சாவதாக வரும் பி கம்பி 31 முறைதான். உன் அறையில் இருக்கிற சின்ன ஸ்பீக்கர் அந்த 31-ஐக் காட்டவே காட்டாது. ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று சரியாகத் தெரியாத கம்பியை நிறுத்தப் பழகுவது எப்படி? நாலையும் அடக்க வந்த பிறகு அஞ்சுக்குப் போகலாம்.

கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்-அப் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இரு. லியோ ஃபெண்டர் பிரெசிஷன் பேஸைக் கொண்டுவந்தது 1951-ல். 1957-ல் அதன் பிக்-அப்பை இரண்டு துண்டாக்கி, ஒரு துண்டு பிடிக்கிற இரைச்சலை மற்றது அடித்துவிடும்படி சுற்றினார்கள். 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் தனித்தனியாக இரண்டு பிக்-அப். இரண்டு வால்யூமும் முழுதாக இருந்தால் அமைதி, ஒன்றைக் குறைத்தால் ஹம் எட்டிப் பார்க்கும். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வருகிற ஜி 49 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட் சோக்கும் ஃபேன் ரெகுலேட்டரும் கிளப்புகிற ஹம் அந்த ஜி-யின் தோளிலேயே உட்கார்ந்திருக்கிறது. நீ கையை எடுத்த பிறகும் அதே நோட்டை அது இழுத்துக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரில் அதை வெட்டப்போனால் உன் ஜி-யும் சேர்ந்து போகும். அதனால் வீட்டில் பதிவு செய்யப்போகிறவனுக்கு அந்த இரண்டு துண்டுப் பிக்-அப்தான் நல்லது. ஸ்குவையரில் அது உண்டு, யமஹாவிலும் கிடைக்கும். தலையில் எழுதியிருக்கிற பெயருக்காகக் கடன் வாங்காதே.

சென்னைக்குப் போய் வாங்குவதானால் அண்ணா சாலை மியூசி மியூசிக்கலையும் எட்டிப் பார். 1842-லிருந்து இருக்கிற கடை. எந்தக் கடையானாலும் ஆம்ப்பில் சொருகுவதற்கு முன்னால் வெறும் மரமாக வாசித்துப் பார். ஆசாரி பலகையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி ஓரம் பார்ப்பானே, அப்படி நெக்கைப் பார், முறுக்கு இருந்தால் வைத்துவிடு. அப்புறம் ஜி கம்பியில் அஞ்சிலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாகத் தட்டி, கையை எடுக்காமல் எண்ணு. பல பேஸ்களில் அந்த இடத்தில் ஏதோ ஒரு நோட்டு மட்டும் மற்றவற்றுக்கு முன்னால் செத்துப்போகும். அந்த அதிர்வை நெக்கே குடித்துவிடுகிறது. ஓரளவு எல்லா மரத்திலும் இது இருக்கும். ஆனால் அடுத்தடுத்த நோட்டு ஆறு எண்ணும்வரை நிற்க, ஒன்று மட்டும் இரண்டிலேயே அணைந்தால் அந்தக் கிடார் வேண்டாம்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் கிடாருக்கே கொட்டிவிடாதே. ஒரு செட் புதுக் கம்பிக்கும் செட்-அப்புக்கும் எடுத்து வை. கடையிலிருந்து வருகிற கிடார் வேறொரு ஊர்க் காற்றில் இருந்து வருவது. இங்கே கடற்காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்தால் மரம் அசையும். வந்ததும் ஒரு வாரம் அப்படியே விடு, பிறகு பார்ப்போம். முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ மாட்டி, நெக் உடம்போடு சேருகிற இடத்தில் இ கம்பியை அழுத்திப் பிடி. இப்போது ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் 0.3 மில்லிமீட்டர் போல இடைவெளி தெரிய வேண்டும். பைக் மெக்கானிக் டேப்பெட் பார்க்கிற ஃபீலர் கேஜ் இதற்கு அருமையான கருவி. இடைவெளி கூடுதலாக இருந்தால் நெக்குக்குள் இருக்கிற ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று. அதற்கு மேல் ஒரு நாளில் வேண்டாம். மரத்துக்கு யோசிக்க நேரம் கொடு.

பதினேழாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் இ பக்கம் 2.4, ஜி பக்கம் 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும். இதைவிடத் தாழ்த்தினால் விரலுக்குச் சுகம்தான், ஆனால் கம்பி ஃப்ரெட்டில் உரசி நோட்டை அதுவே தின்றுவிடும். கடைசியாகச் சுருதி. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியைத் தொட்டும் தொடாமலும் தட்டினால் மணி போல ஒரு சத்தம் வரும். அதே ஃப்ரெட்டை அழுத்தியும் தட்டிப் பார். ட்யூனரில் இரண்டும் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்தியது கூடுதலாகக் காட்டினால் பிரிட்ஜில் சேடிலைப் பின்னால் தள்ளு, குறைவாகக் காட்டினால் முன்னால் கொண்டு வா. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடை. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற என் வீட்டில் மார்கழியில் போட்ட கம்பி மாசிக்குள் சிவந்துவிடுகிறது. வில்லியனூர் கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பது உன் அதிர்ஷ்டம்.

கை விஷயம்தான் எனக்கு மிக முக்கியம். இடது விரலை ஃப்ரெட்டிலிருந்து தூக்காதே, தளர்த்து. கம்பியை விட்டு விலகாமல் அதன் மேலேயே படுத்திருக்கட்டும், நோட்டு அங்கேயே அடங்கும். வலது கட்டைவிரல் நீ வாசிக்காத கம்பிகளின் மேல் சாய்ந்திருக்க வேண்டும். நீ ஜி கம்பிக்குப் போனால் அதுவும் கூடவே இறங்கி இ-யையும் ஏ-யையும் மூடிக்கொள்ளட்டும். ஃபெண்டர் தன் முதல் பேஸிலேயே பிரிட்ஜை மூடுகிற தகட்டுக்குள் ஒரு பஞ்சுத் துண்டை வைத்துத்தான் அனுப்பினார், கம்பி அளவுக்கு மீறி ஓடக்கூடாது என்று. டெட்ராய்ட்டில் பல மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அந்தப் பஞ்சை எடுக்கவில்லை. வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி போட்டு, வலது கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரலால் வாசித்தார். நீயும் பாத்திரம் கழுவுகிற ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் சொருகி, ஒரு வாரம் வாசித்துப் பார். எந்த நோட்டு எவ்வளவு நீளம் வேண்டும் என்று காது கேட்க ஆரம்பிக்கும்.

காதுக்கு வேறு பள்ளிக்கூடம் வேண்டுமென்றால் இளையராஜா பாடல்களை விட்டு வெளியே போக வேண்டாம். 1982-ல் வந்த ‘இளைய நிலா’வில் எல்லோரும் கிடாரைக் கேட்கிறார்கள். நீ ஹெட்போன் போட்டுக்கொண்டு சசிதரனின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போ. அது ஒலிக்கிற இடங்களை அல்ல, ஒலிக்காத இடங்களை ஒரு தாளில் குறி. அதே போல ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸைக் கேள். பாடுகிறவர் மூச்சு எடுக்கிற இடத்தில் பேஸ் என்ன செய்கிறது என்று பார். உன் கூட்டாளிகளோடு ஒத்திகை பார்க்கும்போது ஸ்நேர் விழுகிற அதே கணத்தில் உன் நோட்டை முடித்துப் பார். பாட்டு நிமிர்ந்து உட்காரும்.

இனி அந்த மாடி அறை. பத்துக்குப் பத்து என்றாய். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்தடி தூரத்தில் இரண்டு சுவருக்கு நடுவில் 56 ஹெர்ட்ஸ் ஒலி மோதி மோதித் தங்கிவிடும். உன் திறந்த ஏ கம்பி 55. அதாவது அந்த அறையே ஏ நோட்டுக்கு ஒரு குடம். மூலையில் நின்றால் ஏ மட்டும் முழங்கும், நட்ட நடுவில் உட்கார்ந்தால் அதுவே காணாமல் போகும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு மடங்கு தொல்லை. நீ சரியாக நிறுத்தினாலும் அறை நிறுத்தாது. ஆம்ப்புக்கு முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்யவே செய்யாதே. கிடாரை நேராக இன்டர்ஃபேஸில் சொருகு. சத்தம் அளவோடு ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வாசி. இதில் ஒரு வசதி, அந்த இரண்டு துண்டுப் பிக்-அப் இருந்தால் சித்திரை வெயிலில்கூட ஃபேனை ஓடவிட்டுப் பதிவு செய்யலாம். பாடுகிற பிள்ளைக்குத்தான் அணைக்க வேண்டும்.

சொருகுகிற இடத்தில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்ற பட்டன் இருக்கும், அழுத்திவிடு. இல்லையென்றால் சத்தம் உயிரில்லாமல் வரும். 24 பிட்டில் வைத்து, நீ ஓங்கித் தட்டுகிற நோட்டும் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் அளவு வை. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பாதி இரைச்சல் அங்கேயே போகும். கம்ப்ரஸரை அளவோடு போடு. அது நோட்டின் தலையை அமுக்கி வாலைத் தூக்கிவிடும், நீ கஷ்டப்பட்டு நிறுத்தியதை அது நீட்டிவிடக்கூடாது. போனில் பேஸ் கேட்கவில்லை என்று அடிப்பகுதியை ஏற்றாதே. போன் ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வராது. அதற்கு மேலே இரட்டிப்பாக, மும்மடங்காக எழுகிற ஒலிகளை வைத்துக் காதுதான் அந்த அடிநோட்டைக் கட்டிக்கொள்கிறது. அதனால் 30-க்குக் கீழே வெட்டிவிட்டு, 700, 800 பக்கம் கொஞ்சம் தூக்கு.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதே. ஒரு திருவிழா மேடையில் ஜெனரேட்டரில் எர்த் இல்லை. கை கம்பியில், உதடு மைக்கில் பட்டது. அரை நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. பேஸின் கம்பி பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு சேர்ந்தது, நீயும் அதோடு சேர்ந்துதான் நிற்கிறாய். ஹம் போகிறது என்று யாராவது மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைக்கச் சொன்னால் கேட்காதே. எல்லாக் கருவியும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்கட்டும்.

அம்மாவிடம் சொல்லி, மாடி அறைக்கு எர்த் ஒழுங்காக வருகிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இந்த வாரமே பார்க்கச் சொல். செலவை நான் கொடுக்கிறேன். கிடார் வாங்கியதும் போன் செய். அதற்கடுத்த ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன், ஃபீலர் கேஜும் ஆலன் கீயும் எடுத்து வருகிறேன். அதுவரை ட்ரஸ் ராடைத் தொட வேண்டாம். ஸ்பாஞ்சை மட்டும் சொருகி வை.

அன்புடன்,
மாமா