ஞாயிறு வேலை நாளானால்...

கேள்வி: கொழுந்து அதிகமாக வரும் வாரங்களில் ஞாயிறும் வேலைக்குப் போகிறேன். பூசை தவறுகிறது. இது பாவமா?
– ஒரு வாசகி, ரிங்லெட்

பதில்: இல்லை, அம்மா. பிழைப்புக்காகத் தவிர்க்க முடியாமல் பூசை தவறுவது பாவமாகாது. சோம்பலால் விடுவது வேறு, கூலியை விட்டால் அடுப்பெரியாது என்ற நிலை வேறு. தகுந்த காரணம் இருந்தால் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது. சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலும் ஞாயிறு கடமை நிறைவேறும். அதுவும் முடியாதபோது, வீட்டில் குடும்பமாக அன்றைய நற்செய்தியை வாசித்து ஜெபியுங்கள். திருச்சபைச் சட்டம் 1248 இதை வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது.

நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் குருவும் அல்ல, துறவியும் அல்ல. மனைவியோடு வாழ்ந்த அரண்மனை அலுவலர். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு விலங்கு மாட்டி, எருமை மீதேற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். அந்த நிலையிலும் ஜெபத்தை விடவில்லை. 1752-ல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதரானார். நம் தமிழ் மண்ணின் பொதுநிலையினர் ஒருவர் பீடத்தில் ஏற்றப்பட்டது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் செய்தி.

ஒன்று மட்டும் செய்யுங்கள். வேலையில்லாத ஞாயிறுகளில் பூசையை விடாதீர்கள். உங்களைப் போல ஞாயிறும் உழைப்பவர்கள் இருந்தால், எல்லோரும் சேர்ந்து பங்குத்தந்தையைப் பார்த்து மாலைப் பூசை கேளுங்கள்.