கன்னிக் குட்டி வாங்கப்போகும் தம்பிக்கு

கோவில்பட்டி, சாத்தூர், சங்கரன்கோவில் பக்கம் கன்னி நாய்க்குட்டியும் சிப்பிப்பாறை நாய்க்குட்டியும் தேடி இப்போது பட்டணத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். சந்தோஷமாக இருக்கிறது. வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: வேட்டைக்கு எப்படிப் பழக்குவது? தம்பி, துரத்துவதை நீ பழக்க வேண்டியதே இல்லை. அது இந்த நாயின் ரத்தத்தில் இருக்கிறது. நிற்பதும், விடுவதும், கூப்பிட்டால் திரும்பி வருவதும்தான் நீ பழக்க வேண்டியவை.

1. எதைப் பிடிக்கப்போகிறாய் என்பதை முதலில் முடிவு செய். நீண்ட கால், ஆழ்ந்த நெஞ்சு, ஒடுங்கிய வயிறு எல்லாம் வெட்டவெளியில் முயலை எட்டிப் பிடிக்க இந்த நாய்க்கு அமைந்தவை. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். கௌதாரி, காடை, உடும்பு, கீரி, மயில் எதையும் தொடக்கூடாது. திருவிழாவை ஒட்டிய பாரிவேட்டைக்கும் விலக்குக் கிடையாது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. காடுகரையெல்லாம் வீட்டுமனையாகி, முயலுக்கு ஒதுங்கப் புதர் குறைந்துபோன காலம் இது. அதை விட்டுவிடுவதுதான் நியாயம். உன் நாய்க்கு வேலைதானே வேண்டும்? வயலில் எலி இருக்கிறது. நெல், நிலக்கடலை, மக்காச்சோளம் எதைப் போட்டாலும் வரப்பில் வளை தோண்டிக் கதிரை இழுத்துக்கொண்டு போகிறது. நல்ல நாயோடு போனால் எந்தச் சம்சாரியும் உன்னை வரவேற்பார்.

2. எட்டு வாரம் ஆகாமல் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதே. உடன்பிறந்த குட்டிகளோடு கட்டிப் புரளும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அது கற்கிறது. தாயைப் பார்க்காமல் குட்டியை எடுக்காதே. ஆளைக் கண்டு நடுங்கும் தாயின் குட்டியும் பெரும்பாலும் நடுங்கும். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் 2020இல் தேசிய அளவில் தனி இனங்களாகப் பதிவு பெற்றவை. அப்படியும் கிரேஹவுண்டு கலப்பை நாட்டு நாய் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ராஜபாளையம் எடுப்பதானால் குட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார். முழு வெள்ளை நாய்களில் காது கேளாமை வருவதுண்டு. காது கேட்காத நாயை வயலில் எப்படிக் கூப்பிடுவாய்?

3. ஊசியில் சிக்கனம் பார்க்காதே. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை, டிஸ்டெம்பருக்கும் பார்வோவுக்கும் மூன்று நான்கு வார இடைவெளியில் போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. எலிக்குப் போகும் நாய்க்கு லெப்டோ ஊசியும் ஆண்டுதோறும் கட்டாயம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் பரவும் காய்ச்சல் அது. மனிதனுக்கும் தொற்றும். வாய்க்காலில் இறங்கும்போது நீயும் வெறுங்காலோடு இறங்காதே.

4. கம்மங்கூழும் மோரும் ஊற்றி வளர்த்த நாய்கள் அந்தக் காலத்தில் ஓடின என்பார்கள். அந்த நாய்கள் வெளியில் இறைச்சியும் தின்றன. கூழோடு முட்டை, கோழி, மீன் ஏதாவது சேர். விலா எலும்பு லேசாகத் தெரிவது இந்த இனத்தின் வாகு. அதைப் பார்த்துப் பதறி நெய்யை ஊற்றாதே.

5. மூன்றரை மாதத்துக்குள் குட்டி எதையெல்லாம் நிதானமாகப் பார்க்கிறதோ, அதற்கெல்லாம் பிறகு மிரளாது. ஊசி முடியவில்லை என்றால் தூக்கிக்கொண்டாவது போ. டிராக்டர் சத்தம், பேருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள், சாமி கொட்டு எல்லாம் காட்டு. கோழிகளையும் ஆட்டையும் காட்டுவது அதைவிட முக்கியம். ஆட்டுக்கிடை ஓரமாக உட்கார்ந்து, குட்டியைப் பக்கத்தில் பிடித்துக்கொள். ஆட்டைப் பார்த்துவிட்டு உன் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற அந்தக் கணத்தில் ஒரு துண்டு கறி கொடு. தினமும் செய். தெற்கே இப்போது எந்த வயலிலும் மயில் நிற்கிறது. மயிலைப் பார்த்தும் சும்மா நிற்கிற நாயைத்தான் நீ அவிழ்த்துவிட முடியும்.

6. “வா” என்பது இந்த நாய்க்கு நீ சொல்லும் சொற்களிலேயே பெரியது. அதனால் அதை வீணாக்காதே. வரும் என்று உனக்கு உறுதியாகத் தெரியும்போது மட்டும் சொல். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல். பிறகு வீட்டு முற்றத்தில், பிறகு களத்தில், பிறகு முப்பது அடிக் கயிறு கட்டிப் புஞ்சையில் சொல். வந்த நாயை ஒருநாளும் அடிக்காதே. பத்து நிமிடம் கழித்து வந்தாலும் சரி, செருப்பைக் கடித்து வைத்துவிட்டு வந்தாலும் சரி, வந்ததற்குக் கொஞ்சு. கூப்பிட்டு உதைத்தால், கூப்பிடும் குரலுக்கே அது பயப்படும். குளிப்பாட்டவோ சங்கிலியில் கட்டவோ வேண்டுமென்றால் கூப்பிடாதே, நீயே போய்ப் பிடித்து வா. காற்றில் குரல் சிதறும் இடத்துக்கு ஒரு விசிலும் பழக்கு. இது கண்ணால் வேட்டையாடும் நாய். ஒன்றைப் பார்த்துவிட்டால் காது மூடிக்கொள்ளும். கயிறில்லாமல் ஓடவிடும் ஆசையை ஒரு வயது வரை அடக்கி வை. அவசரப்பட்டவர்கள் நாயைச் சாலையில் பறிகொடுத்து அழுவதைக் காண எனக்குப் பொறுக்கவில்லை.

7. மூங்கில் கழி நுனியில் கயிறு, கயிற்றில் ஒரு பழந்துணி. இரண்டரை மாதத்திலேயே இதைக் கொண்டு விளையாடலாம். துணியைத் தரையோடு இழு, வளைத்து இழு, நிறுத்து. இரண்டொரு முறை பிடித்ததும் முடித்துவிடு, சலிக்கும்வரை ஆட்டாதே. பிடித்த துணிக்கு மாற்றாகக் கறித்துண்டை நீட்டி “விடு” என்று சொல். வாயைப் பிளந்து பிடுங்கினால் பின்னாளில் எலியை வாயில் வைத்துக்கொண்டு தூரப் போய் நிற்கும்.

8. மோட்டார் சைக்கிளில் கட்டி ஓட்டாதே. எலும்பு நுனி இறுக ஒன்றேகால், ஒன்றரை வயது ஆகும். அதற்கு முன் தார்ச்சாலையில் ஓட்டினால் மூட்டு கெடும். நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை விடியலில் மட்டும் வேலை. வயிறு நிறையத் தின்ற உடனே ஓடவிடாதே. ஆழ்ந்த நெஞ்சுள்ள நாய்க்கு வயிறு உப்பிப் புரண்டுகொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

9. ஏழெட்டு மாதத்தில் எலி வளைக்குக் கூட்டிப் போகலாம். தேர்ந்த நாய் ஒன்று கூட இருந்தால் பாதி வேலை முடிந்தது. குட்டியைக் கயிற்றில் பிடித்துப் பார்க்கவிடு. எலி இருக்கும் வளையை நீ கண்டுபிடிக்கத் தெரிந்துகொள்: வாயில் புதுமண் குவிந்து, உள்ளிருந்து அடைத்திருக்கும். சிலந்தி வலை கட்டிய வாய் பழசு. தப்பிக்க வேறு வாய்களும் இருக்கும், சிலதை மெல்லிய மண் மூடியிருக்கும். இரண்டை மண்ணால் அடை, ஒன்றைத் திறந்து வை, நாயை அங்கே நிறுத்து. அடுத்த பக்கம் மண்வெட்டி போட்டால் எலி அந்த வாய் வழியாகத்தான் பாயும். முதல் சில தடவை குட்டி தவறவிடும், மூக்கில் கடியும் வாங்கும். சிரிக்காதே, திட்டாதே. கடி வாங்கியதும் பின்வாங்கினால் அன்றைக்கு வேலையை முடித்துவிட்டுக் காயத்தைக் கழுவு. வளை வாயில் அசையாமல் காத்து நிற்கக் கற்ற அன்றுதான் அது வேலைக்காரன். வரப்பு உடைந்தால் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டு வா.

10. வயல்காரரிடமும் பக்கத்து வயல்காரரிடமும் எலி மருந்து வைத்தார்களா என்று கேட்காமல் நாயை இறக்காதே. வைத்திருந்தால் அந்த வயலுக்கு அந்தப் பருவம் போகாதே. சிங்க் பாஸ்பைடு தின்ற நாய்க்கு முறிமருந்து கிடையாது. புரோமடியோலோன் கேக் தின்ற எலியைத் தின்றால் சில நாள் கழித்துத்தான் தெரியும்: ஈறு வெளுக்கும், ரத்தம் கசியும். அதற்கு வைட்டமின் கே உண்டு, நேரத்தோடு போக வேண்டும். பிடித்த எலியைத் தின்னவே விடாதே, வாங்கிப் புதைத்துவிடு.

11. வீடு திரும்பியதும் நான்கு பாதத்தையும் விரித்துச் சீமைக்கருவேல முள் தேடு. காதுக்குள்ளும் கால் இடுக்கிலும் உண்ணி தேடு. அறுவை சிகிச்சைக்குப் போனால் இது கன்னி என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல். கொழுப்பில்லாத உடம்பு என்பதால் சில மயக்க மருந்துகள் தெளிய வெகுநேரம் ஆகும்.

12. எலி இருக்கும் வளையில் பாம்பும் இருக்கும். நாய் முடியைச் சிலிர்த்துக்கொண்டு வளைவாயிலிருந்து பின்னால் நகர்ந்தால் அதன் பேச்சைக் கேள், கையை உள்ளே விடாதே. கடி பட்டுவிட்டால் கீறாதே, கட்டுப் போடாதே, நடக்கவிடாதே, தூக்கிக்கொண்டு ஓடு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குமான விஷமுறிவு மருந்து நாய்க்கும் வேலை செய்யும். உன் வட்டாரத்தில் எந்தக் கால்நடை மருத்துவரிடம் அது இருக்கும் என்று, குட்டி வளைக்குப் போகும் வயதுக்கு முன்பே விசாரித்து, தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்.