தளர்நடைக் குழவியும் கடல்கடந்த உறவும்

கடல்கடந்து வாழ்வோர் தம் இளங்குழவியுடன் இராசபாளையத்திற்கோ திருவில்லிபுத்தூருக்கோ வருங்கால் வழித்துயரையே பெரிதும் எண்ணிக் கவல்வர். அது தீர்க்கத்தக்கதே. இரண்டாண்டு நிரம்பாத குழவியை மடியிலிருத்தி வானூர்தியிற் கொணரலாம். மதுரையில் இறங்கின், திருவில்லிபுத்தூர் ஏறக்குறைய 75 கிலோமீட்டர். இராசபாளையம் அதற்குச் சற்று அப்பால். புறப்படுமுன் மருத்துவரைக் கேட்டுத் தட்டம்மைத் தடுப்பூசி. வந்தபின் காய்ச்சி ஆறிய நீர். பால்கோவாவைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அரியது வேறொன்று. தொலைபேசித் திரையில் மட்டுமே பேரனைக் கண்ட பாட்டி, வாயிலிலேயே அவனை வாரியெடுக்கிறாள். அவன் வீறிட்டழுது தாயின் தோளிற் புதைகிறான். பாட்டியின் முகம் வாடுகிறது. புதுமுகம் கண்டு அஞ்சுதல் அப்பருவத்துக் குழவிக்கு இயல்பு, அன்பின்மையன்று.

இவ்விடத்து, அவ்வூர்ப் பெரியாழ்வாரது திருமொழியின் வைப்புமுறை நோக்கற்பாலது. தளர்நடைப் பதிகத்தை அடுத்து நிற்பது, தன்னை அணைத்துக்கொள்ள வருமாறு தாய் குழவியை அழைக்கும் அச்சோப் பதிகம். அதன் பின்னரே, குழவி தானாக வந்து முதுகைக் கட்டிக்கொள்ளும் புறம்புல்கல். பிற்காலப் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இதற்குத் தனியிடம் இல்லாமை எமக்கு இழப்பாகவே தோன்றுகிறது. ஆகவே பாட்டி ஒருமுறை அழைத்துவிட்டு, திண்ணையிற் புறங்காட்டி அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கட்டும். விடுமுறை மூன்று வாரமேயாயினும் முதல் வாரத்தை இதற்கென ஒதுக்குதல் தகும். சுற்றத்தார் வீட்டு விருந்தெல்லாம் பிறகு.