வயல்வீதிக்கு அடிநிலப் பரிசோதனை

மட்டக்களப்பு வாவியின் மேற்கே பரந்துள்ள படுவான்கரை நெல் விளையும் பெருநிலமாகும். அங்கு பெரும்போக அறுவடை மாரியின் ஈரம் வற்றுமுன்னரே தொடங்கிவிடும். நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி சேற்றிற் புதையுமாயின், ஈர நெல் மூட்டையிலேயே முளைகொள்ளும், விலையும் வீழும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் வாவியைப் பாதையேறியே கடக்கவேண்டியிருந்தது. இன்று பாரவூர்திகள் பாலத்தின் வழியே நேராகச் செல்கின்றன. ஆகவே, உள்வீதிகள் தாங்கவேண்டிய பாரமும் கூடுதல் இயல்பே.

மேலே எத்துணை கிரவல் பரப்பினும், பாரம் முழுவதையும் ஈற்றில் ஏற்பது அடியிலுள்ள மண்ணே. அம்மண் இளகினால் கிரவல் களியுட் புதையும். அதற்கான செலவும் வீணாகும்.

மண்ணும் நீரும்

எழுவான்கரையின் கடலோரம் பெரும்பாலும் மணலாகும். மணல் நீரை விரைந்து வடியவிடும். ஆயினும் இருமருங்கும் தடுப்பின்றேல் சில்லின் கீழ் விலகி ஓடும். வாவிக்கரைத் தாழ்நிலங்களிலும் வயல்களிலும் களியும் வண்டலும் மிகுதி. களி ஆடியிற் கல்லென இறுகி வெடிக்கும், மார்கழியிற் கூழாகும். கோடையில் மணற்றிட்டால் அடைபடும் முகத்துவாரம் மாரியில் திறக்குமுன், வாவிநீர் உயர்ந்து கரையோர நிலங்களின் நிலத்தடி நீரையும் உயர்த்தும். 2011 சனவரி வெள்ளத்தின்போது மாவட்டத்தின் வயல்கள் பெரும் அழிவுற்றன. எனவே, கோடையில் உலர்ந்த மண்ணை மட்டும் சோதித்து வீதி அமைத்தல் தவறு.

எளிய பரிசோதனைகள்

1. வீதி செல்லும் வழியில், மண் மாறுமிடந்தோறும் ஏறத்தாழ ஒரு மீற்றர் ஆழக் குழி தோண்டி, படைகளையும் நீர் ஊறும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

2. ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டுக. 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள திரியாக முறியாது நீளுமாயின் அது களி மிகுந்தது. உதிருமாயின் மணற்பாங்கானது.

3. கண்ணாடிப் போத்தலில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி வைக்க, மணல் உடனே அடியிற் படியும். களி நெடுநேரம் நீரைக் கலக்கியே வைத்திருக்கும்.

ஆய்வுகூடப் பரிசோதனை

மண்ணின் வலுவை எண்ணாற் கூறுவது கலிபோர்னியா தாங்குவலு விகிதம் எனப்படும். அச்சில் இட்டு இறுக்கிய மண்ணைப் பாரம் வைத்து 4 நாள் நீரில் ஊறவிடுவர். பின்னர் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குத் தண்டை அதனுள் மெதுவாக அழுத்துவர். தரமான உடைகல்லில் அத்தண்டு 2.5 மில்லிமீற்றர் இறங்க 1370 கிலோகிராம் பாரம் வேண்டும். சோதிக்கும் மண்ணுக்கு 69 கிலோகிராம் போதுமாயின், அதன் விகிதம் நூற்றுக்கு 5 ஆகும். மாரியின் நிலையை ஒப்பவே மண் ஊறவைக்கப்படுகின்றது.

வயலிற் கூம்புப் பரிசோதனை

8 கிலோகிராம் சம்மட்டி 575 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழ, கூம்பு முனைக் கம்பி மண்ணுள் இறங்கும். ஓர் அடிக்கு 10 மில்லிமீற்றர் இறங்கின் விகிதம் ஏறத்தாழ 26; 50 மில்லிமீற்றராயின் 5; 100 மில்லிமீற்றராயின் 2 அளவே. இது அன்றைய ஈரத்தின் வலுவையே காட்டுமாதலின், மாரி முடிந்தவுடன் செய்தல் நன்று.

பயன்படுத்தும் முறை

விகிதம் குறையக் குறைய மேற்படையின் தடிப்புக் கூடவேண்டும். 2 அளவேயுள்ள இடத்தில் இளகிய களியை அகற்றி நன்மண் இடலாம். அல்லது வீதியை நீர்மட்டத்துக்கு மேலாக உயர்த்தலாம். மண்ணை 150 மில்லிமீற்றர்ப் படைகளாக, தகுந்த ஈரத்தில், உருளையால் இறுக்குதல் வேண்டும். இருமருங்கும் கான்களும், நீர் குறுக்கிடும் இடங்களில் மதகுகளும் இன்றியமையாதன. கானை அடைத்து வயலுக்கு நீர் மறிப்பின், நன்கு அமைத்த அடிநிலமும் ஊறி இளகும்.

எவ்விடத்தில் எத்தனை நாள் வெள்ளம் நின்றது என்பதை அவ்வட்டையின் கமக்காரரே நன்கறிவர். மார்கழியில் அவ்விடங்களுக்கு முளையடித்து வைத்து, பரிசோதனைக்கு வரும் அலுவலருக்குக் காட்டுவாராயின், குழி தோண்டவேண்டிய இடம் தவறாது.