மொழிநூற் பேரறிஞர் எட்வர்டு சபீர்

நூல்களைக் கற்று நூல்களை இயற்றிப் புலவரெனப் புகழ் பெற்றோர் உலகிற் பலர். ஏட்டில் எழுதப்படாத மொழிகளை, அவற்றைப் பேசும் எளிய மக்களின் வாயினின்றே கேட்டறிந்து, அவற்றுக்கு இலக்கணம் வகுத்தோர் மிகச் சிலர். அச்சிலருள் தலைசிறந்தவராகிய எட்வர்டு சபீர் என்னும் யூதப் பேராசிரியரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். தமிழிலக்கணம் பயிலும் நமக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு யாது என்பது போகப் போக விளங்கும்.

பிறப்பும் கல்வியும்

சபீர், 1884-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26-ஆம் நாள், அக்காலத்தில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்ததும் இக்காலத்திற் போலந்து நாட்டில் உள்ளதுமாகிய லவன்பர்க்கு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் யூத ஆலயத்தில் வழிபாட்டுப் பாடல்களை ஓதும் பணி பூண்டவர். வீட்டில் வழங்கியது யித்திய மொழி. தந்தையாரிடம் இளமையிற் பயின்றது எபிரேய மொழி. அக்குடும்பம் இங்கிலாந்திற் சிலகாலம் தங்கிப் பின் அமெரிக்கா சென்று, நியூயார்க்கு நகரில் வறிய குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த பகுதியிற் குடியமர்ந்தது. செல்வம் இல்லாவிடினும் கல்வி கைவிடவில்லை. பதினான்காம் வயதிற் புலிட்சர் உபகாரச் சம்பளம் பெற்ற சபீர், பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜெர்மானிய மொழிநூல் பயின்று, 1904-இல் இளங்கலைப் பட்டமும் 1905-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

அங்கே அவர் வாழ்வைத் திருப்பியவர் பிரான்சு போவாசு என்னும் ஆசிரியர். அவரும் ஜெர்மனியினின்று வந்த யூதரே. மொழிகளின் பொதுவியல்பு இன்னதென ஐரோப்பிய மொழிகளைக் கொண்டு சபீர் கூறிய கொள்கைகளுக்கெல்லாம், மாறான எடுத்துக்காட்டுகளை அமெரிக்கப் பழங்குடிகளின் மொழிகளினின்றும் போவாசு காட்டினார் என்பர். தாம் கற்றது கைம்மண்ணளவே என உணர்ந்த சபீர், கல்லாதது எங்குளதோ அங்கே புறப்பட்டார்.

மொழி தேடிச் சென்றது

1905-இல் விஷ்ராம் மொழியையும், 1906-இல் ஆரிகன் நாட்டில் தகெல்மா மொழியையும் ஆராய்ந்தார். தகெல்மாவைப் பேசுவோர் அக்காலத்தே விரல்விட்டு எண்ணத்தக்க சிலரேயாவர். அவருள் ஒருவராகிய பிரான்செசு ஜான்சன் என்னும் அம்மையாரே சபீருக்கு ஆசிரியராயினார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவற்றைக் கொண்டு சபீர் ஆக்கிய இலக்கணம், 1909-இல் அவருக்கு டாக்டர் பட்டத்தை அளித்தது. அம்மொழியைப் பேசுவோர் பின்னர் அற்றுப்போயினர். அதன் இலக்கணம் அழியாது நின்றது.

1910 முதல் 1925 வரை கனடா நாட்டின் ஒட்டாவா நகரில், அரசாங்க மானிடவியற் பிரிவின் தலைவராக இருந்தார். வான்கூவர்த் தீவில் நூட்கா மக்களின் மொழியை ஆராய்ந்ததோடு, அலெக்சு தாமசு என்னும் அக்குலத்து இளைஞருக்குத் தம் மொழியைத் தாமே எழுதும் முறையையும் கற்பித்தார். வடமேற்குக் கரை மக்களின் பெருவிழாவாகிய பொட்லாச்சு என்னும் கொடைவிழாவை அரசாங்கம் சட்டத்தால் தடுத்திருந்தபோது, அதிகாரியாய் இருந்துகொண்டே அம்மக்களுக்காகப் பரிந்து பேசினார்.

1915-ஆம் ஆண்டு கோடையிற் கலிபோர்னியாவில் இஷி என்பவரைச் சந்தித்தார். இஷியின் யாகி குலத்தார் அனைவரும் கொலையாலும் நோயாலும் பசியாலும் மாண்டனர். அவர் மொழியைப் பேச அவரன்றி வேறொருவர் இலர். அதற்கு இனமான யானா வழக்குகளை முன்னரே கற்றிருந்த சபீர், அவரோடு அமர்ந்து கதைகளை எழுதினார். 1916-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இஷி காசநோயால் இறந்தார். ஒரு மனிதரோடு ஒரு மொழியே மண்ணிற் புதைவது எத்துணை அவலம்! சபீர் ஒரு கோடை பிந்தியிருப்பின், அவ்வெழுத்துகளும் நமக்குக் கிடைத்திரா.

டோனி காட்டிய உண்மை

சபீருக்குப் பெரும் உண்மையொன்றைக் காட்டியவர், தென்பாயூட் குலத்து இளைஞராகிய டோனி தில்லோகாசு. 1910-இல் இருவரும் பிலதெல்பியா நகரிற் சில திங்கள் உடனிருந்து உழைத்தனர். அம்மொழியில் ‘பா’ என்பது நீர். அதனோடு பகரத்தில் தொடங்கும் இடப்பொருள் உருபு சேருங்கால், அப்பகரம் இரண்டு உயிர்களுக்கு நடுவே நெகிழ்ந்து, வகரத்தோடு மயங்கத்தக்க மெல்லோசையாய் ஒலிக்கும். ‘நீரினிடத்து’ என்னும் பொருளுடைய அச்சொல்லை அசையசையாகப் பிரிக்குமாறு சபீர் கேட்டார். டோனி ‘பா’ எனக் கூறி நிறுத்தி, அடுத்த அசையையும் வல்லோசைப் பகரமாகவே கூறினார். வாய் ஒலித்தது ஒன்று. உள்ளம் கொண்டது மற்றொன்று. இலக்கணம் கற்றறியாத ஒருவர் உள்ளத்தினுள்ளே ஒலிகளின் ஒழுங்கு முறையாக அமைந்து கிடப்பதை இதனாற் கண்ட சபீர், ஒலியன்களின் உளவியல் உண்மையைப் பற்றி 1933-இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை விளக்கினார்.

தமிழ் மாணவர்க்கு இது வியப்பன்று. ‘பல்’, ‘அம்பு’, ‘மரபு’ என்னும் மூன்றிலும் பகரம் ஒலிக்கும் வகை வெவ்வேறு. மொழிமுதலில் வலித்தும், மெல்லெழுத்தின் பின் அதிர்ந்தும், உயிர்களினிடையே நெகிழ்ந்தும் வருகின்றது. ஆயினும் நாம் எழுதுவது ஓரெழுத்தே. நம் செவிக்கும் அது ஓரெழுத்தே. இடத்தால் வேறுபடும் ஒலிக்கெல்லாம் வெவ்வேறு வரிவடிவம் வகுக்காத நம் முன்னோரின் நெடுங்கணக்கும், டோனியின் உள்ளத்தே எழுதாது கிடந்த கணக்கும் ஒரே உண்மைக்குச் சான்றாதல் காண்க.

நூலும் ஆசிரியப் பணியும்

1921-இல் வெளிவந்த ‘மொழி’ என்னும் நூல், பொதுமக்களும் கற்குமாறு சபீர் எழுதியது. மொழி வேறு, இனம் வேறு, பண்பாடு வேறு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளத்தல் பிழை என்பதை அதில் நிலைநாட்டினார். 1933-இல் அவர் பிறந்த நாடு ஹிட்லர் ஆட்சிக்கு உட்பட்டு, இனத்தின் பெயரால் யூதரை ஒடுக்கத் தொடங்கியபோது, இவ்வுண்மையின் அருமை உலகுக்கு விளங்கிற்று.

1925-இற் சிகாகோ பல்கலைக்கழகத்திலும், 1931-இல் யேல் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானார். மாரிசு சுவாதேசு, மேரி ஹாசு, பெஞ்சமின் வொர்ஃபு முதலியோர் அவர்பாற் கற்றவராவர். யேலில் அவர் பெற்ற பதவி பெரிது. பட்ட அவமதிப்பும் சிறிதன்று. யூதராதலின், அங்குள்ள அறிஞர் கழகமொன்று அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. பிறர் இகழ்ந்த மக்களின் மொழிகளுக்கெல்லாம் மதிப்புத் தேடித் தந்தவருக்குத் தம் சொந்தக் கல்லூரியிலே மதிப்பு மறுக்கப்பட்டது! 1937-இல் இருதய நோயுற்ற அவர், 1939-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள், 55-ஆம் வயதில் மறைந்தார்.

முடிவுரை

யேலிற் சபீரிடம் பயின்றோருள் மரீ எமனோ என்பவரும் ஒருவர். ஆசிரியரின் தூண்டுதலால் 1935-இல் இந்தியா வந்த அவர், நீலகிரியிற் தோடர், கோத்தர் ஆகியோரின் மொழிகளை அவர் வாய்மொழியாகவே கேட்டு எழுதினார். பின்னர்ப் பர்ரோ என்பாரோடு சேர்ந்து, 1961-இல் திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டார். தமிழ்ச் சொற்களோடு தோடர் சொல்லும் கோத்தர் சொல்லும் ஒரே வரிசையில் ஒத்த மதிப்போடு நிற்றலை அந்நூலிற் காணலாம். சபீர் நம் நாட்டிற்கு வந்ததில்லை. அவர் விதைத்தது நம் மலையில் விளைந்தது.

எழுத்தில்லாத மொழியென்று எதனையும் இகழ்வதும், கல்லாதவர் பேச்சென்று செவி கொடாதிருப்பதும் புலமைக்கு அழகல்ல. இலக்கணம் ஏட்டிற் பிறப்பதன்று. பேசுவோர் நெஞ்சிற் பிறப்பது. அந்நெஞ்சினை மதித்துக் கேட்டவர் சபீர். தொன்மையான இலக்கணத்தைக் கையில் வைத்திருக்கும் நாம், அவரைப்போலச் செவியையும் திறந்து வைத்திருத்தல் வேண்டும்.